ரெண்டு கட்டை கூட

எங்கள் ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸரை நினைத்தால் முதலில் ஞாபகத்துக்கு வருவது மருந்து அளக்கும் சின்னக் கண்ணாடிக் குவளைதான். அதைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, இடது கண்ணை மூடிக்கொண்டு, புட்டியை மெல்லச் சாய்ப்பார். கோட்டுக்கு மேலே ஒரு நூல் ஏறிவிட்டால் போச்சு. திரும்பப் புட்டியில் ஊற்றிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார். வெளியே இருபது பேர் இருமிக்கொண்டு நிற்பார்கள்.

“டிரெஸர், இருமல் மருந்துதானே? என்னாமோ பொன்னு நிறுக்கிறீங்க!” என்று பால்வெட்டு முடிந்து வந்த பெண்கள் கத்துவார்கள்.

“கல்யாணத்துக்குச் சோறு வடிக்கக் கண்ணளவு போதும். உடம்புக்குப் போதாது,” என்பார், மூடிய கண்ணைத் திறக்காமலேயே.

தோட்டத்து ஜனங்கள் குடியிருக்கும் லயத்தில் அவருக்குத் தராசு என்று பெயர். அந்தப் பெயரை வைத்த புண்ணியவதி நான்தான். மலேசியாவில் ஜெராமுக்கும் கோல சிலாங்கூருக்கும் நடுவில் இருந்த அந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு டாக்டர் மாதத்துக்கு இரண்டு முறை காரில் வந்து தலையைக் காட்டிவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் டிரெஸர்தான் டாக்டர், நர்ஸ், மருந்துக்காரர் எல்லாம். நான் அங்கே ஆயா. தரை கூட்டுவது, புட்டி கழுவுவது, ஊசிக்குப் பயந்து ஓடும் பிள்ளைகளைத் துரத்திப் பிடிப்பது என் வேலை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆனாலும் பத்து வருஷத்தில் அவர் என்னை ஒரு நாள் அதட்டியதில்லை. ‘தங்கச்சி’ என்பதற்கு மேல் வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை.

அப்பேர்ப்பட்ட தராசுக்கு வாய்த்த மனைவி அளவு என்றால் என்னவென்றே தெரியாதவர். நான் அக்கா என்று கூப்பிடுவேன். உப்பைக் கையால் அள்ளிப் போடுவார், ருசி மட்டும் ஒரு நாளும் தப்பாது. ஆஸ்பத்திரிக்குப் பின்னாலேயே அவர்கள் வீடு. பன்னிரண்டு மணி ஆனால், “ஏண்டி, புட்டியக் கழுவுனது போதும், வந்து ரெண்டு வாய் தின்னுட்டுப் போ,” என்று அடுப்படியிலிருந்து குரல் வரும். சளி பிடித்தது போலக் கொஞ்சம் கரகரத்த, கீழே இறங்கின குரல். அந்தக் குரலில்தான் நாள் முழுக்கப் பாட்டும் ஓடும். பாட்டெல்லாம் அவரே கட்டுவது. பிள்ளைகளுக்கு வயிற்றுப் பூச்சி மருந்து கொடுக்கும் நாளில் வரிசைக்கு முன்னால் வந்து நின்றுகொள்வார்.

“கண்ண மூடு, வாயத் தொற, கசப்பு கொஞ்ச நேரந்தான்,
ஒண்ணு ரெண்டு ஏழு எண்ணு, ஓடிப் போகும் தூரந்தான்.”

பிள்ளைகள் ஏழு எண்ணுவதற்குள் மருந்து உள்ளே போய்விடும். எண்ணி முடித்த பிறகுதான் அழ ஆரம்பிப்பார்கள்.

எண்பத்து மூன்றாம் வருஷம் என்று நினைக்கிறேன். உள்ளூர்க்காரர்கள் சொந்தமாகக் கட்டிய பாட்டைக் கேசட்டில் பிடித்து அனுப்பினால் ரேடியோவில் போடுவார்கள் என்று டிரெஸர் யாரிடமோ கேள்விப்பட்டார். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. கிள்ளானுக்குப் போய் ஒரு கீபோர்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். கைக்கு அடக்கமான ஜப்பான் சாமான். சின்னச் சின்னக் கட்டைகள், அவற்றுக்கு மேலே வரிசையாகப் பொத்தான்கள். ஒரு பொத்தானை அமுக்கினால் புல்லாங்குழல், இன்னொன்றுக்கு வயலின், வேறொன்றுக்கு அதுவே தாளம் போடும். அக்கா பார்த்துவிட்டு, “இந்த வயசுல சின்ன வீடு வெச்சுட்டாரு பாரு,” என்றார்.

டிரெஸருக்குச் சங்கீதம் சுத்தமாகத் தெரியாது. ஆனால் கூடவே வந்த சின்னப் புத்தகத்தில் முதல் பக்கத்திலிருந்து என்ன எழுதியிருக்கிறதோ அதை அப்படியே செய்தார். காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரைக் குட்டி குட்டியாக வெட்டிக் கட்டைகளின் மேல் ஒட்டி, புண்ணுக்குப் போடுகிற ஊதா மருந்தைத் தொட்டு ச, ரி, க, ம என்று எழுதினார். ஒரே விரல்தான். அந்த விரல் ஒவ்வொரு கட்டைக்கும் போவதற்கு முன்னால் ஒரு நொடி மேலேயே நிற்கும், ஊசி போடுவதற்கு நரம்பு தேடுகிற மாதிரி. ஒரு மாதத்தில் அக்காவின் பூச்சி மருந்துப் பாட்டைப் பிசகில்லாமல் வாசிக்கக் கற்றுக்கொண்டார்.

அதற்கப்புறம்தான் சண்டையே. தாளப் பொத்தானை அமுக்கிவிட்டால் அது கடிகாரம் மாதிரி ஓடும். அக்காவோ இஷ்டப்பட்ட இடத்தில் இழுப்பார், மூச்சு வாங்குவார், பாதியில் யாராவது பிள்ளை தும்மினால் சிரிப்பார்.

“அது போற வேகத்துக்கு நீ போகணும்லா,” என்பார் டிரெஸர்.

“அது பாட்டுக்கு ஓடுது. அது பின்னாடி ஓட நான் என்ன கோழியா? அதை நிக்கச் சொல்லுங்க, நான் வந்து சேர்ந்துக்கறேன்.”

நான் புட்டி கழுவிக்கொண்டே சிரிப்பேன். அந்த ஒரு மாதம் மாதிரி ஒரு மாதம் அந்த ஆஸ்பத்திரியில் அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.

பாட்டைக் கேசட்டில் பிடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குறித்தார்கள். தோட்டத்தில் அப்போதெல்லாம் சாயந்தரம் ஆறு மணிக்கு ஜெனரேட்டர் போட்டால்தான் கரண்ட். ஜெனரேட்டர் கொட்டகையோ ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே. அது ஓடினால் அந்த உறுமலும் கேசட்டில் ஏறிவிடும். அதனால்தான் மத்தியானம், பேட்டரியில். லயத்தில் நாங்கள் பேட்டரியையும் கட்டை என்றுதான் சொல்வோம். கீபோர்டுக்குப் புதுக் கட்டை வாங்கி வைத்திருந்தார். டேப் ரிக்கார்டருக்கு நாலு பெரிய கட்டை வேண்டும். கடை மூடியிருந்தது.

“தங்கச்சி, உங்க வீட்டுல இருக்குமா?” என்று கேட்டார்.

இருந்தது. பால்வெட்டுக்கு விடியுமுன் போகும் என் புருஷனுக்காக நாலு புதுக் கட்டை வாங்கி அலமாரியில் வைத்திருந்தேன். அவருடைய நாலு கட்டை டார்ச்சுக்குள் பாதி எரிந்த நாலும் இருந்தது. புதுசை எடுக்கக் கை நீட்டினேன். அப்புறம், ஒரு பாட்டுக்குத்தானே, இது போதாதா என்று தோன்றியது. டார்ச்சைத் திறந்து பழசைக் கொட்டிக்கொண்டு போய்க் கொடுத்தேன். பிறந்ததிலிருந்து எதையும் கடைசிச் சொட்டு வரை பிழிந்து வளர்ந்த புத்தி. வேறு காரணம் ஒன்றுமில்லை.

மூன்றாவது தடவையில் பாட்டு நன்றாக அமைந்தது. அக்கா அன்று தாளத்தோடு கிட்டத்தட்ட ஒத்துப் போனார். நடுவில் ஒரு காக்கை கத்தியது, அக்கா பாடிக்கொண்டே சிரித்துவிட்டார். போட்டுக் கேட்டோம். எந்தக் குறையும் தெரியவில்லை. பிடித்ததும் அதே தளர்ந்த கட்டை, கேட்டதும் அதே கட்டை. எங்களுக்கு எப்படித் தெரியும்?

“அருமையா இருக்கு, அனுப்பிடுங்க,” என்றேன்.

“காக்கா இருக்கே,” என்றார் டிரெஸர். “அடுத்த ஞாயிறு சுத்தமா எடுத்துடலாம்.”

அடுத்த ஞாயிறு அக்கா காய்ச்சலில் படுத்திருந்தார். டிரெஸர் மணிக்கொரு தரம் சூடு பார்த்துத் தாளில் குறித்தார். திங்கள் காலை உடம்பில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்ததும் தோட்டத்து வேனில் கிள்ளானுக்குக் கொண்டு போனார். வெள்ளிக்கிழமை அதே வேனில் அக்காவை வெள்ளைத் துணி போர்த்திக் கொண்டு வந்தார்கள். டிரெஸர் இறங்கி, தன் பக்கத்துக் கதவை மூடி, பூட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார். அழவில்லை. அவருக்குப் பதிலாக லயமே அழுதது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த சாயந்தரம், ஜெனரேட்டர் போட்டதும், டேப்பைக் கரண்டில் சொருகிப் பாட்டைப் போட்டார். சாப்பிட வந்த ஜனமெல்லாம் முற்றத்தில் உட்கார்ந்திருந்தது. தாளம் குடுகுடுவென்று ஓடியது. அதன் மேலே எட்டு வயசுப் பிள்ளை மாதிரி ஒரு கீச்சுக் குரல் ‘கண்ண மூடு, வாயத் தொற’ என்று பாடியது. பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். பெரியவர்களிலும் ஒன்றிரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

டிரெஸர் பொத்தானை அமுக்கி நிறுத்தினார். மறுபடி போட்டார். மறுபடியும் அதே பிள்ளைதான் பாடியது.

மறுநாள் என்னிடம் வந்தார். “தங்கச்சி, அன்னைக்கு நீ குடுத்த கட்டை புதுசுதானே?”

“புதுசுதான் டிரெஸர்,” என்றேன். பொய் சொல்ல யோசிக்கக்கூட இல்லை. வாய் தானாகவே சொல்லிவிட்டது.

அந்த ஒரு சொல்லால் அவர் எட்டு மாதம் அலைந்தார். டேப்பைக் கோல சிலாங்கூரில் ரேடியோ ரிப்பேர்க் கடைக்குக் கொண்டு போனார். கழற்றிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். வேறொரு டேப்பில் போட்டுப் பார்த்தார். அதிலும் பிள்ளைக் குரல்தான். கடைசியில் குற்றத்தைத் தன் மேலேயே போட்டுக்கொண்டார். “நான்தான் எதையோ தப்பா அமுக்கியிருக்கேன் தங்கச்சி. என் கைதான்.” அதற்கப்புறம் கையை நம்பவில்லை. ஒரு தடவை அளந்த மருந்தை இரண்டு தடவை, மூன்று தடவை அளந்தார். ஊசி மருந்தை உறிஞ்சிவிட்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே நிற்பார். ஒரு நாள் காய்ச்சல் குழந்தையோடு நின்ற தாய், “டிரெஸர், புள்ள துவளுது, குடுங்க!” என்று அழுதுவிட்டாள். அவர் குவளையை மறுபடியும் கண்ணுக்கு நேரே தூக்கினார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

கூட்டம் போனதும் அவர் முன்னால் போய் நின்று சொன்னேன். “அந்தக் கட்டை புதுசு இல்ல டிரெஸர். டார்ச்சுல கெடந்த பழசு. நான் கஞ்சத்தனம் பண்ணிட்டேன்.”

செருப்பால் அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் மேசையிலிருந்து நோயாளிக்கு எழுதும் அட்டையை எடுத்தார்.

“எத்தனை நாள் எரிஞ்சது?”

“பதினஞ்சு நாள் இருக்கும்.”

“ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்?”

“ரெண்டு மணி நேரம். விடியற வரைக்கும்.”

எழுதினார். பெருக்கினார். எட்டு மாதத்தில் முதல் தடவையாக அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். “அப்போ நோய் என்னன்னு தெரிஞ்சுடுச்சு. கட்டை தளர்ந்து டேப்பு மெதுவா ஓடிருக்கு. மெதுவாப் புடிச்சதை வேகமா ஓட்டுனா குரல் மேல போவுது. அதே அளவு தளர்ந்த கட்டையில ஓட்டுனா அவ அப்படியே வந்துடுவா. மருந்து இருக்கு தங்கச்சி!”

அன்றிலிருந்து அவர் லயம் லயமாகப் போய்ப் பழைய கட்டை கேட்க ஆரம்பித்தார். “எறிஞ்சுடாதீங்க, எனக்குக் குடுங்க. எத்தனை நாள் போட்டதுன்னு மட்டும் சொல்லுங்க.” ஒவ்வொன்றிலும் பிளாஸ்டர் ஒட்டி மணிக்கணக்கை எழுதி வைப்பார். மருந்து அலமாரியின் கீழ்த்தட்டு முழுக்கக் கட்டைதான். மத்தியானம் கூட்டம் ஓய்ந்ததும் நாலைப் பொறுக்கிப் போட்டுப் பார்ப்பார். சில நாள் அக்கா கள் குடித்தவர் மாதிரி இழுத்து இழுத்துப் பாடுவார். சில நாள் ஆம்பிளைக் குரல் வரும். ஒரு நாள் எனக்குக் கிட்டத்தட்டச் சரி என்று பட்டது, சொன்னேன்.

“கிட்டத்தட்டன்னு ஒரு அளவு எங்கிட்ட இல்ல தங்கச்சி,” என்று கழற்றி வைத்துவிட்டார்.

கீபோர்டை மட்டும் தொடவே இல்லை. சின்ன வீடு என்று அக்கா சொன்னது அவர் மனதில் தைத்துவிட்டதோ என்னவோ, அதைத் துணியில் சுற்றிப் பரண் மேல் போட்டுவிட்டார்.

சாயந்தரம் ஆறு மணிக்கு ஜெனரேட்டர் சத்தம் கேட்டதும் டேப்பைக் கரண்டில் போட்டுப் பிள்ளைக் குரலையே கேட்பார். “மருந்து கெடைக்கிற வரைக்கும் இதாவது,” என்றார் முதலில். அப்புறம் ஒன்றும் சொல்வதில்லை. ஆறு மணி ஆனால் போடுவார், அவ்வளவுதான். ஒரு வருஷம், இரண்டு வருஷம், மூன்று வருஷம். ஒரு நாள் நான் புட்டி கழுவியபடி என்னை அறியாமல் அந்தப் பாட்டை முணுமுணுத்தேன், அக்கா பாடுகிற அதே இறக்கத்தில். உள்ளேயிருந்து டிரெஸர் எட்டிப் பார்த்தார்.

“அப்படி இல்ல தங்கச்சி. அவ இன்னும் மேல பாடுவா.”

நான் பாட்டை நிறுத்திவிட்டு அடுத்த புட்டியை எடுத்தேன். இல்லை என்று அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.

கோயில் திருவிழாவுக்கு அந்தக் கீபோர்டைக் கேட்டு வந்தான் பஜனையில் ஆர்மோனியம் வாசிக்கும் தம்பி. மறுக்கத் தெரியாமல் டிரெஸர் பரணிலிருந்து இறக்கினார். தம்பி கட்டைகளைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது டிரெஸர் வழக்கம்போல ஒரு செட் பேட்டரியைப் போட்டு டேப்பை ஓட்டினார். தம்பி நிமிர்ந்தான்.

“இந்தப் பொட்டியிலதானே இந்தப் பாட்டு வாசிச்சீங்க? டேப்புல ரெண்டு கட்டை கூட இருக்கு டிரெஸர்.”

நான் பாய்ந்து போய் டேப்பின் பின்மூடியைத் திறந்து இரண்டு கட்டையை உருவிவிட்டேன். பாட்டு நின்றுபோனது. தம்பி விழுந்து விழுந்து சிரித்தான்.

“அந்தக் கட்டை இல்லக்கா! சுருதிக் கட்டை. பாட்டு ரெண்டு படி மேல நிக்குதுன்னு சொன்னேன். இந்தப் பொட்டியோட சுருதி எப்பவும் மாறாது. டேப்புக்குள்ள கேக்கற பொட்டியும் கையில இருக்கற பொட்டியும் ஒண்ணா சேர்ந்துச்சுன்னா, அந்தம்மா குரலும் சரியா வந்துடும்.”

டிரெஸர் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மூன்றரை வருஷமாகத் தேடிய அளவுகோல் அவர் வீட்டுப் பரணிலேயே கிடந்திருக்கிறது. அதை எடுத்து அவர் கையில் கொடுக்க ஒரு ஆர்மோனியக்காரன் வர வேண்டியிருந்தது. “திருவிழாவுக்குத் தரேன் தம்பி. ரெண்டு நாள் எனக்கு விடு,” என்றார்.

மறுநாள் கூட்டம் போனதும் ஆஸ்பத்திரிக் கதவைச் சாத்தினோம். பிளாஸ்டரில் ஊதா எழுத்து மங்கியிருந்தாலும் படிக்க முடிந்தது. அவர் ‘ச’வை அமுக்கிப் பிடித்தபடி டேப்பை ஓட்டுவார், பாட்டின் முதல் சத்தம் எங்கே நிற்கிறதென்று கேட்பார், நிறுத்துவார், நான் ஒரு கட்டையை மாற்றுவேன். பேட்டரி வீணாகக் கூடாதென்று கேசட்டைப் பென்சிலால் சுற்றிப் பின்னுக்குக் கொண்டு வந்தேன். இரண்டு மணி நேரம் இப்படியே போனது. நாலு மணி வாக்கில் ஒரு தடவை இரண்டு சத்தமும் ஒட்டிக்கொண்டது. எது டேப், எது கீபோர்டு என்று பிரிக்க முடியவில்லை. டிரெஸர் விரலை எடுத்தார். டேப் ஓடிக்கொண்டே இருந்தது.

தாளம் நிதானமாக வந்தது. பின்னாலேயே அக்கா வந்தார். சளி பிடித்தது போல, கரகரத்து, தாளத்துக்கு அரை அடி பின்னால். “கண்ண மூடு, வாயத் தொற, கசப்பு கொஞ்ச நேரந்தான்...” காக்கை கத்தியது. அக்கா சிரித்தார். அடுப்படியிலிருந்து என்னைச் சாப்பிடக் கூப்பிட்ட அதே தொண்டை, அதே சிரிப்பு. “அக்கா...” என்று வாய்விட்டு அழுதுவிட்டேன். சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

டிரெஸர் தலையைச் சாய்த்துக் கடைசி வரை கேட்டார். நோயாளியின் நெஞ்சைக் கேட்கிற மாதிரிதான் கேட்டார். பாட்டு முடிந்ததும் டேப்பை நிறுத்தினார்.

“அளவு சரிதானே தங்கச்சி?”

“சரி டிரெஸர்.”

“கட்டை ரெண்டும் சேர்ந்துச்சு. நானே கேட்டேன்.”

“சேர்ந்துச்சு.”

அவர் டேப்பைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

“இது யாரு?”

விளையாடுகிறார் என்று ஒரு கணம் நினைத்தேன். அவருக்கு விளையாடத் தெரியாது.

“அக்காதான் டிரெஸர்.”

“அவ குரல் இவ்ளோ தடிப்பா இருக்காதே.”

“இதுதான் அவங்க குரல். தினமும் என்னைச் சாப்பிடக் கூப்பிட்ட குரல். எனக்குத் தெரியாதா?”

“எங்கிட்டயும் இப்படித்தான் பேசுனாளா?”

“ஆமா.”

“நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்,” என்றார். ஊருக்குப் புதிதாக வந்த ஆளைப் பற்றி நான் சொல்லி அவர் ஒப்புக்கொள்கிற மாதிரி இருந்தது.

நான் எழுந்து முகம் கழுவினேன். புட்டிகளை அடுக்கினேன். வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. அவர் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. ஆறு மணிக்கு ஜெனரேட்டர் உறுமியது, தலைக்கு மேலே பல்பு எரிந்தது. டிரெஸர் டேப்பிலிருந்து நாலு கட்டையையும் கழற்றி மேசை மேல் வைத்தார். கரண்டு வயரைச் சொருகினார். பொத்தானை அமுக்கினார்.

தாளம் குடுகுடுவென்று ஓடியது. அந்தச் சின்னப் பிள்ளை கீச்சென்று பாட ஆரம்பித்தது.

டிரெஸரின் முகம் மலர்ந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. வேனிலிருந்து அக்காவை இறக்கிய அன்றைக்குக்கூட அழாத மனிதர், துடைத்துக்கொள்ளாமல் அழுதார்.

“இதோ,” என்றார். “இவதான் தங்கச்சி. இவதான்.”

அந்தப் பிள்ளை யாரென்றே எனக்குத் தெரியாது. “ஆமா டிரெஸர்,” என்றேன், “அக்காதான்.”